கத்தரிக்கோலிலிருந்து தொடங்குங்கள், டீச்சர்

கேள்வி: பெரம்பூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 8, 9ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன மழைக்காலத்தில் 'நாளை சென்னைப் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஒரு டிவி சேனல் கார்டு எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கார்டு பொய். அதைப் போட்டவர் ஒரு மாணவனின் அம்மா. அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று அவருக்கே நினைவில்லை. இதைச் சொல்லப் போய், வாரம் ஒரு பீரியட் 'மீடியா கிளப்' நடத்த ஹெச்.எம். அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் அவர் எதிர்பார்ப்பது குறும்படம், பள்ளிக்கு ஒரு யூடியூப் சேனல், ஆண்டு விழாவில் திரையிட ஏதாவது. எனக்கோ பிள்ளைகள் ஏமாறாமல் இருந்தால் போதும். 32 பிள்ளைகள், இரண்டு போன், 40 நிமிடம். எனக்கு எடிட்டிங் தெரியாது. ரீல்ஸ் விஷயத்தில் என்னைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டையும் எப்படி ஒன்றாக நடத்துவது, எங்கே தொடங்குவது?

— ஓர் ஆசிரியை, சென்னை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

ஹெச்.எம்.மோடு நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. படம் எடுக்கவே சொல்லிக் கொடுங்கள். ஆனால் கேமராவை முதலில் கையில் கொடுக்காதீர்கள், வெட்டுவதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு காட்சியைத் தன் கையால் வெட்டி இன்னொன்றோடு ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த முறை போனில் ஒரு வீடியோ வரும்போது 'இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்ன இருந்துச்சு' என்று கேட்கத் தோன்றும். 'நம்பாதே, பகிராதே' என்று சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினால் அது தோன்றாது. ஒட்டிப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நான் பல வருடம் டிவி நியூஸ் எடிட் சூட்டில், அதாவது காட்சிகளை வெட்டி ஒட்டும் அறையில், குப்பை கொட்டியவன். இப்போது பள்ளிகளில் வீடியோ பயிற்சி எடுக்கிறேன். எடிட் சூட்டில் இருந்தபோது ஒரு மழை நாள். செய்தி ஒளிபரப்பாக ஏழெட்டு நிமிடம்தான் பாக்கி, புது விஷுவல் வந்து சேரவில்லை. முந்தைய வருடத்து துரைசாமி சப்வே காட்சியை எடுத்துப் போட்டேன். மூலையில் 'கோப்புக் காட்சி' என்று போட மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, "சார், நான் இப்பதான் அந்த சப்வே வழியா வந்தேன், கால் கூட நனையல" என்றார். காட்சி பொய்யில்லை, தேதிதான் பொய். உங்கள் வகுப்புக் குழுவுக்கு வந்த கார்டும் இதே ஜாதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு போனை வைத்துக்கொண்டு 32 பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் போனே வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய தமிழ் நாளிதழ்கள், கத்தரிக்கோல், பசை, இவை போதும். நான்கு நான்கு பேராக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவும் மூன்று செய்திப் படங்களை வெட்ட வேண்டும், படம் தனி, அடியில் உள்ள வரி தனி. பிறகு வரிகளை அடுத்த குழுவுக்குக் கொடுத்து, பொருந்தாத படத்தோடு நம்பும்படி ஒட்டச் சொல்லுங்கள். ரேஷன் கடை வரிசை, பாஸ்போர்ட் அலுவலகக் கூட்டம் ஆகும். திருவிழாக் கூட்டம் மறியல் ஆகும். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாகத்தான் போகும். பிறகு யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், இது நிஜமாவே பேப்பர்ல வந்த மாதிரி இருக்கு" என்று சொல்லும். அங்கே நிறுத்திப் பேசுங்கள்.

அடுத்த வாரம் 'ட' வடிவத்தில் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள், குழுவுக்கு இரண்டு. இரண்டு 'ட'வையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும், சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம், நகர்த்தலாம். ஒரு மேடைப் பேச்சுப் படத்தை எடுத்து, காலி நாற்காலிகள் மட்டும் தெரிகிறபடி ஒரு சட்டம், நிரம்பிய முன்வரிசை மட்டும் தெரிகிறபடி இன்னொன்று. இரண்டுமே அதே படம்தான். கேமராமேன் தினமும் செய்கிற வேலை இதுதான். 'ஃபிரேம்' என்ற சொல்லை அன்றைக்கு அறிமுகப்படுத்தினால் ஜென்மத்துக்கும் மறக்காது.

மூன்றாவது வாரம் போன் வரட்டும், ஒன்று போதும். ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1920களையொட்டி ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர், ஒரு நடிகரின் சலனமே இல்லாத முகத்தை ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மூன்று காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் அவர் முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகம் மூன்றிலும் ஒன்றுதான். நம் வகுப்பில் இதைச் செய்ய ஆப் கூட வேண்டாம். ஒரு பையனை ஜன்னல் பக்கம் நிறுத்தி, ஒன்றும் நினைக்காமல் ஐந்து நொடி நேராகப் பார்க்கச் சொல்லி எடுங்கள். பிறகு ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு ரேங்க் கார்டு, வராண்டாவில் தூங்கும் நாய். போன் கேலரியில் வரிசையாக வைத்து விரலால் தள்ளிக் காட்டுங்கள். நான் நடத்திய ஒரு வகுப்பில் ரேங்க் கார்டு வந்ததும் முதல் பெஞ்சில் இருந்த பெண், "பாவம் சார், அழப் போறான்" என்றாள். பையனிடம் கேட்டால், லஞ்ச் பெல் எப்போது அடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தானாம். வகுப்பே கொல்லென்று சிரித்தது, அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தான் கண்ணால் பார்த்ததாக நினைத்த ஒன்று அங்கே இல்லவே இல்லை என்பது அவளுக்கு உறைத்துவிட்டது. அவள்தான் பின்னால் அந்தக் குழுவின் நல்ல எடிட்டர் ஆனாள்.

இனி மழை விடுமுறைக் கார்டு. சமூக அறிவியல் ஆசிரியைக்கு இதைவிட நல்ல பாடம் கையில் சிக்காது. கார்டை எட்டு பிரதி எடுத்துக் குழுவுக்கு ஒன்று கொடுத்து, பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இதில் தேதி இருக்கிறதா? 'நாளை' என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது, அது எந்த வருடமும் நாளைதான். பல பொய்க் கார்டுகள் முந்தைய மழைக்கு வந்த உண்மைக் கார்டுகளே, தேதி இருந்த ஓரத்தை நறுக்கியிருப்பார்கள். 'ட' அட்டை ஞாபகம் வரும். அடுத்து, விடுமுறை விடும் அதிகாரம் யாருக்கு? மாவட்ட ஆட்சியருக்கு. சென்னைக்கு ஓர் ஆட்சியர். ஆவடி திருவள்ளூர் மாவட்டம், தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். மழை எல்லோருக்கும் ஒன்றுதான், லீவு மட்டும் தனித்தனி. நுங்கம்பாக்கம் வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். லீவு என்று பொருள் இல்லை. இந்த ஒரு கார்டை வைத்தே மாவட்ட நிர்வாகம் என்ற பாடத்தை நடத்தி முடித்துவிடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: "இது உண்மையா இருக்கணும்னு யாருக்கெல்லாம் ஆசை இருந்துச்சு?" எல்லாக் கையும் மேலே போகும். நமக்கு வேண்டியதைச் சொல்கிற செய்தியை நாம் சரிபார்ப்பதில்லை, பெரியவர்களும்தான். அந்த அம்மாவைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். மகன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

ஓர் எச்சரிக்கை. பொய் எப்படித் தயாராகிறது என்று காட்ட, பிள்ளைகளையே ஒரு பொய்க் கார்டு செய்யச் சொல்லலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 'நாளை பள்ளி விடுமுறை' என்று அழகாக ஒன்று செய்தார்கள். மாலை ஆறு மணிக்குள் அது பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் இருந்தது. இரவு ஒன்பது மணி வரை அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நான் வாங்கிய வசவு எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து, வகுப்பில் தயாராகும் எதிலும் 'வகுப்புப் பயிற்சி' என்று படத்தின் நட்டநடுவே எழுதாமல் போனிலிருந்து இறக்க விடுவதில்லை. ஓரத்தில் எழுதினால் நறுக்கிவிடுவார்கள், கற்றுக் கொடுத்ததே நாம்தானே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பயிற்சியெல்லாம் முடிந்ததும் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் 'ஃபேக்கு, ஃபேக்கு' என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். அப்போது முதலைக் கதையைச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணைக்காரர்களே மறுத்தார்கள், ஒன்றும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பெருங்களத்தூர் பக்கம் இரவில் ஒரு முதலை சாலையைக் கடக்கிற வீடியோ வந்தது. பழைய கதைதான் மறுபடியும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அது உண்மை. சென்னையைச் சுற்றியுள்ள சில ஏரிகளில் சதுப்பு முதலைகள் இருப்பதாகவும், நீர்நிலை நிரம்பி வழியும்போது அப்படி வெளியே வருவது உண்டு என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. ஊர் ஒன்று, புரளி ஒன்று, விடை மட்டும் வேறு. 'முதல்ல பொய்னு சொன்னவங்க எப்படிச் சரிபார்த்திருக்கலாம்?' என்று கேட்டு விட்டுவிடுங்கள். கடைப் பலகை, சாலை, வேறு யார் எடுத்திருக்கிறார்கள், வனத்துறை என்ன சொன்னது என்று அவர்களே பட்டியல் போடுவார்கள். கூகுள் லென்ஸில் ஒரு படத்தைக் கொடுத்து அது முன்பு எங்கே வந்தது என்று தேடுவதை அன்று காட்டுங்கள், பத்து நிமிட வேலை.

ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் ஒரு கனமான விஷயம். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் போன குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் வயதான அம்மா ஒருவர் செத்துப்போனார். அந்த மாதங்களில் நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை கடத்தல் வீடியோக்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிப் போகிறார்கள், சற்று நேரத்தில் திரும்பி வந்து இறக்கிவிடுகிறார்கள், கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். நம் போன்களுக்கு வந்ததில் அந்தக் கடைசித் துண்டு இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள். வேறு எதையும் சேர்க்கவில்லை, மாற்றவில்லை. அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அடிக்கிற காட்சி எதையும் வகுப்பில் காட்ட வேண்டாம், வாயால் சொன்னாலே போதும். நான் சொல்லி முடித்தால் எப்போதும் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை.

சரி, இப்போது கேமரா. ஹெச்.எம். கேட்ட குறும்படத்துக்கு வருவோம். 'குறும்படம்' என்று சொன்ன உடனே பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் கதை எனக்கு மனப்பாடம்: குடிகார அப்பா, படிக்க ஆசைப்படும் பிள்ளை, கடைசியில் கலெக்டர். அல்லது போனுக்கு அடிமையான மாணவன், விபத்து, அறிவுரை. இதை எடுக்க விடாதீர்கள். பள்ளி வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிற ஓர் உண்மை மனிதரைப் பற்றி ஒரு நிமிடப் படம், அவ்வளவுதான். இஸ்திரி வண்டி அண்ணன், சத்துணவு ஆயா, சைக்கிள் கடை, இளநீர்க் கடை. அனுமதி கேட்காமல் யார் முகத்தையும் எடுக்கக் கூடாது. எடுத்து முடித்ததை வேறு யாருக்கும் காட்டும் முன்பு அவருக்குக் காட்ட வேண்டும்.

இந்த இரண்டாவது விதியை நான் கற்றுக்கொண்டது ஒரு இஸ்திரி வண்டியில்தான். எட்டாம் வகுப்புக் குழு ஒன்று தெருமுனையில் துணி தேய்க்கும் ஒருவரை எடுத்தது. காலை எட்டு மணிக்குக் கரி போட்டு ஊதுவது, தண்ணீர் தெளிப்பது, சட்டைக் கழுத்தை மடித்து ஒரே இழுப்பாக இழுப்பது, எல்லாம் அருமையாக எடுத்திருந்தார்கள். கேள்வியும் நல்ல கேள்விகள்தான். எடிட் செய்யும்போது, வெயிலில் நின்று நெற்றியைத் துடைக்கிற ஷாட்டை முதலில் வைத்து, கீழே சோகப் புல்லாங்குழல் போட்டுவிட்டார்கள். வண்டிக்கே கொண்டுபோய்ப் போனில் காட்டினோம். அவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் எப்பப்பா கஷ்டப்படுறேன்னு சொன்னேன்? இருபது வருஷமா சொந்த வண்டி. நான் யார்கிட்டயும் கை கட்டி நின்னதில்ல." பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் சொன்னது எதையும் அவர்கள் மாற்றவில்லை. ஒரு ஷாட்டின் இடத்தையும் ஒரு பாட்டையும்தான் மாற்றினார்கள், மனிதர் மாறிவிட்டார். மறுவாரம் புல்லாங்குழலை எடுத்துவிட்டு, கரி படபடக்கிற சத்தத்தையும் பெட்டி துணியில் இறங்கும் சத்தத்தையும் மட்டும் வைத்து மறுபடி வெட்டினார்கள். அவர் அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார். பொய்ச் செய்தி பற்றி நான் எடுத்த எந்த வகுப்பும் இந்த ஒரு வாரத்துக்கு ஈடாகாது. உங்கள் கவலைக்கும் ஹெச்.எம். ஆசைக்கும் நடுவில் வேலியே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

குழுவுக்குள் வேலை பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விட்டுவிட்டால் பையன்கள் கேமராவைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் 'ஆங்கரிங்' என்று மைக்கோடு நிற்பார்கள். வாரம் ஒரு முறை வேலையை மாற்றிவிடுங்கள்: கேமரா, சத்தம், கேள்வி, குறிப்பு. குறிப்பு எழுதுகிற பிள்ளை எத்தனையாவது ஷாட், என்ன இருக்கிறது, எது உருப்படி என்று நோட்டில் எழுதினால், எடிட்டில் பாதி நேரம் மிச்சம்.

தொழில்நுட்பத்தில் படத்தைவிடச் சத்தம்தான் காலை வாரும். நம் வகுப்பறை ஃபேன், காக்கா, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, ஆட்டோ ஹாரன், எல்லாம் ஏறிவிடும். படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். உங்களிடம் இரண்டு போன் இருக்கிறதல்லவா, ஒன்று படத்துக்கு, இன்னொன்று பேசுகிறவர் சட்டைப் பையில் வாய்ஸ் ரெக்கார்டர் ஆன் செய்து. ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒரு முறை கை தட்டச் சொல்லுங்கள். பின்னால் சத்தத்தையும் படத்தையும் பொருத்த அந்தத் தட்டல் போதும். காசு இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கம்பி வைத்த காலர் மைக் கிடைக்கும், வாங்கிய இடத்திலேயே உங்கள் போனில் சொருகிப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சத்துக்கு ஜன்னல், பேசுகிறவர் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவே. டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வருகிற கோளாறு அது. போனில் ஷட்டர் வேகத்தை மாற்ற வசதி இருந்தால் 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள், இல்லாவிட்டால் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள். எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

யூடியூப் சேனல் விஷயத்தில் நான் ஹெச்.எம். பக்கம் இல்லை. இந்த வருடம் வேண்டாம் என்பதே என் யோசனை. சேனல் என்று வந்துவிட்டால் மூன்றாவது வாரமே பிள்ளைகள் 'எத்தனை வியூஸ்' என்று கேட்க ஆரம்பிப்பார்கள், இஸ்திரி அண்ணன் படத்தில் புல்லாங்குழல் திரும்பி வந்துவிடும். அதோடு, சீருடை, பள்ளி பேட்ஜ், முகம் மூன்றும் ஒரே ஃபிரேமில் பொதுவெளிக்குப் போனால் அந்தப் பிள்ளை எந்த வேளையில் எந்த வாசலில் நிற்கும் என்பது ஊருக்கே தெரிந்துபோகும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 'அட்மிஷன்லயே கையெழுத்து வாங்கிட்டோம்' என்று சொல்வார்கள், அது போதாது. ஒவ்வொரு படத்துக்கும் என்ன படம், எங்கே காட்டுவோம் என்று எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரின் பிள்ளைக்குக் கேமராவுக்குப் பின்னால் வேலை கொடுங்கள், ஒரு குறையும் இல்லை.

பாட்டு விஷயமும் உண்டு. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆவது பிரிவு பள்ளிக்குச் சலுகை தருகிறது. மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளி நடவடிக்கைகளோடு தொடர்புடையவர்கள் மட்டும் உட்கார்ந்து பார்க்கும் பள்ளி நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டுப் போடுவதற்கு அதில் இடம் இருக்கிறது. அதே பாட்டை ஒட்டி இணையத்தில் ஏற்றினால் அந்தச் சலுகை பொருந்தாது, படமே முடக்கப்படலாம். ஆக, ஹெச்.எம். விரும்புகிற ஆண்டு விழாத் திரையிடல் தாராளமாகச் செய்யலாம். ஆண்டு விழாவில் இஸ்திரி அண்ணன்களையும் ஆயாக்களையும் முன்வரிசையில் உட்கார வைத்துப் படம் போடுங்கள், லோக்கல் கவுன்சிலருக்குப் போடும் சால்வையைவிடக் கைதட்டல் அதிகம் வரும்.

அவர் இன்னும் தயங்கினால் பக்கத்து மாநிலத்தைச் சொல்லுங்கள். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் புரளிகள் இங்கேயும் கேரளத்திலும் பெற்றோரைப் பயமுறுத்தின. அதன் பிறகு கண்ணூர் மாவட்ட நிர்வாகம் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தி பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்தது, பின்னால் மாநிலம் முழுக்க அந்தப் பாடம் வந்தது. நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடும் திட்டம் 2022இலிருந்து இருக்கிறது. பார்ப்பதற்கு அங்கே வழி இருக்கிறது, உங்கள் கிளப் வெட்டக் கற்றுக் கொடுக்கட்டும்.

ஏஐ வீடியோ பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். விரலை எண்ணு, கண் சிமிட்டுகிறதா பார் என்ற வித்தைகளைச் சொல்லித் தராதீர்கள், கருவி முன்னேற முன்னேற அவை காலாவதியாகிவிடும். 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு மேடையில் கலைஞர் கருணாநிதி ஏஐ உருவில் வந்து பேசினார். அவர் மறைந்தது 2018இல் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் ஏமாறவில்லை. 'உயிரோட இருக்கிற ஒருத்தரை இப்படிப் பேச வச்சா?' என்று கேட்டுப் பாருங்கள். முதலைக்குப் போட்ட அதே பட்டியலுக்குத்தான் திரும்பி வருவார்கள்: யார் போட்டது, எப்போது, வேறு யார் சொல்கிறார்கள், சம்பந்தப்பட்டவர் என்ன சொன்னார்.

எடிட்டிங் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். அவர்களையே உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று. எந்தப் பட்டனை அழுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும். 'ஏன் இங்க வெட்டினே? அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னார்?' என்று நீங்கள் கேளுங்கள். எடிட் சூட்டில் எனக்கு மேலே இருந்த சீனியருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கட் போடத் தெரியாது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்த இரண்டு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் அவரைக் கண்டுதான் பயந்தோம்.

பழைய பேப்பரை இந்த மாதம் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், எடுத்து வையுங்கள். கத்தரிக்கோல் எட்டு வேண்டும். முனை மழுங்கியதாகப் பார்த்து வாங்குங்கள், எட்டாம் வகுப்பு அல்லவா.